ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும்

வெள்ளிக்கிழமை, காலை 6-40.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என் பையில் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, கட்டுச்சோறு, பிறகு பதினெட்டுப் பக்கம் எழுதிய ‘தென்கடல் வர்த்தமானியின் வரலாறு’ இருந்தன. பங்குனி மாதம் பரீட்சை நெருங்கும்போது தமிழ் வாத்தியார் மூன்று நாள் லீவு கேட்டால் எந்தத் தலைமை ஆசிரியர் சிரித்த முகத்தோடு கொடுப்பார்? “தூத்துக்குடியில் அப்படி என்ன ஐயா தலை போகிற காரியம்?” என்றார். “பழைய பத்திரிகை ஒன்று தேட வேண்டும்” என்றேன். பழைய பேப்பர் கடை உள்ளூரிலேயே இருக்கிறதே என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வர்த்தமானியை அறியாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது வெள்ளிக்கிழமை தோறும் தூத்துக்குடியிலிருந்து வந்த வாரப் பத்திரிகை. முதல் பக்கத்தில் எந்தக் கப்பல் வந்தது, எந்தத் தோணி கொழும்புக்குப் போனது என்ற செய்தி. இரண்டாம் பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டியும் உப்பும் பஞ்சும் விற்ற விலை. மூன்றாம் பக்கம் வாசகர் கடிதம். நாலாம் பக்கத்தில் ஆசிரியர் ஐயா சர்க்காரை ஊசியால் குத்துவது போல் எழுதும் தலையங்கம். ஊசிக்கெல்லாம் அசையாத சர்க்கார், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்துக்காக அச்சுக்கூடத்தைப் பூட்டி முத்திரை வைத்தது. கடிதத்தில் இருந்த வரி இது: “பாரதம் எங்களுடையது. எங்களைக் கேளாமல் அதை ஆளவும் ஆட்டவும் எவருக்கும் உரிமையில்லை.”

அப்போது நான் அங்கே புரூப் பார்த்துப் பிழை திருத்துகிறவன். வயது இருபத்திரண்டு. வித்துவான் பரீட்சை தேறிய சூட்டோடு போய்ச் சேர்ந்து நாலே மாதம் இருந்தேன். அந்த இதழ் அச்சான அன்று தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. “கம்பாசிட்டர் சூசை தன்னிஷ்டத்துக்கு வார்த்தையை மாற்றிக் கோத்துவிட்டான். பத்திரிகை போயிற்று. திரும்பி வர வேண்டாம்.” கோர்ட்டிலும் அவர் அப்படியே சொன்னாராம். எழுத்துக் கோத்த சூசைக்குப் பாளையங்கோட்டை ஜெயிலில் ஆறு மாதம்.

சுதந்திரம் வந்த பிறகு அந்த வரிக்கு யோகம் அடித்தது. அன்றே துணிந்து சொன்ன பத்திரிகை என்று மேடைக்கு மேடை பேசினார்கள். காலமாகிவிட்ட ஆசிரியர் ஐயாவின் படத்துக்கு மாலை போட்டார்கள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. போன ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு அந்த வரியைக் கர்ஜனை செய்து, “அந்தப் பத்திரிகையில் நானும் இருந்தேன்!” என்று மார்தட்டிக் கைதட்டு வாங்கினேன்.

ஆனால் வரலாறு எழுத உட்கார்ந்தபோது பதினெட்டாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. பிழையாக இருந்தவரைக்கும் அந்த வரி சூசையுடையது, பெருமையானதும் ஆசிரியருடையது. இது என்ன நியாயம்? அந்தக் கடைசி இதழைக் கண்ணால் பார்க்காமல், சூசையைக் கேட்காமல், இதை அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று பிடிவாதம் பிடித்துத்தான் ரயில் ஏறினேன்.

அதே நாள், பிற்பகல் 3-15.

விருதுநகரில் ஒரு வண்டி, மணியாச்சியில் ஒரு வண்டி மாறி, முகமெல்லாம் கரியோடு தூத்துக்குடியில் இறங்கினேன். ஜட்காவுக்கு நாலணா. கரை ஆழமில்லாததால் கப்பல்கள் இன்றும் தூரத்திலேயே நிற்கின்றன. தோணிகள்தான் போய்ச் சரக்கை இறக்கி வருகின்றன. காற்றில் கருவாடும் நிலக்கரியும் கலந்த அதே வாசனை. நாலு மாதம் இங்கே இருந்தும் நான் கடலைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் என் கண் ஈரப் புரூப்பில் இருந்தது.

வர்த்தமானி என்ற பெயரை இப்போது வாங்கியிருப்பவர் வேலாயுதம் அண்ணாச்சி. உப்பு வியாபாரி. சித்திரை முதல் தேதி பத்திரிகையை மறுபடி ஆரம்பிக்கிறார். வரலாறு எழுதச் சொன்னவரும் அவர்தான்.

“வாங்க வாத்தியாரய்யா! இந்தா பாருங்க, ஒங்க நாற்காலி” என்று உள்ளே அழைத்துப் போனார். நல்ல தேக்கு, பிரம்பு பின்னியது. ஆசிரியர் நாற்காலி. பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளின் ஒற்றுப்பிழை திருத்திச் சலித்தவன் நான், ஆசை வெட்கமறியாது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்தும் பார்த்தேன்.

மேஜைமேல் துத்தநாக பிளாக் ஒன்று பளபளத்தது. பத்திரிகையின் பெயருக்குக் கீழே வாராவாரம் அச்சிட அந்த வரியை வெட்டி வைத்திருந்தார்: ‘பாரதம் எங்களுடையது.’

“கடைசி இதழ் கிடைத்ததா?” என்று கேட்டேன்.

“எங்க கெடைக்க? போலீசுக்காரன் ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயிட்டான். வரிதான் ஊருக்கே மனப்பாடமாச்சே, பேப்பரு எதுக்கு?”

“சூசை எங்கே இருக்கிறார்?”

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. “வீரபாண்டியன்பட்டினத்துல கெடக்கான். தியாகின்னு மாலை போடக் கூப்பிட்டு ஆளனுப்பினோம். வரமாட்டேன்னு சொல்லுதான். திமிரு புடிச்சவன். அங்கன எதுக்கு வெயில்ல போய் அலையுதிய? எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.”

போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போகாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமை, காலை 7-30.

திருச்செந்தூர் பஸ். வீரபாண்டியன்பட்டினம் ஏறக்குறைய இருபத்து மூன்று மைல். டிக்கெட் பதினான்கு அணா. பெட்ரோல் கிடைக்காத சண்டைக்காலத்தில் மாட்டிய கரியடுப்பை இந்தப் பஸ்ஸுக்கு இன்னும் கழற்றவில்லை. முத்தையாபுரம் போவதற்குள் இரண்டு தடவை நிறுத்திக் கிளறினார்கள்.

பக்கத்தில் காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, கொழும்பில் முத்து வியாபாரம் செய்தவராம். சூசையைத் தெரியுமா என்று கேட்டேன்.

“படகுக்குப் பேர் எழுதுற சூசைதானே? ஹயாத்தாத்தான் இருக்கார், நல்ல சுகமா இருக்கார்” என்றார். தம் வியாபாரம் பற்றியும் சொன்னார். “முத்து எங்கன கெடைக்குது மாஸ்டர்? பார் மூடிக் கெடக்கு இருபது வருஷமா. இப்ப தொறக்கப் போறாகன்னு பேச்சு. போன வாரம்கூட ஆபீசர்மார் கப்பல்ல வந்து பார் பார்த்துட்டுப் போனாக.”

“எதைப் பார்த்தார்கள்?”

“பார் பார்த்தாக.”

“பார்த்தார்கள், சரி. எதை?”

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அட அல்லாவே! பாரைத்தான் மாஸ்டர் பார்த்தாக. கடலுக்கு அடியில பாறைத் தரையாக் கெடக்கும். முத்துச்சிப்பி அதுலதான் ஒட்டி வளரும். அதுக்குப் பேருதான் பார். சர்க்கார் பாரைத் தொறந்தா முத்துக் குளிக்கலாம். மூடினா ஒருத்தனும் எறங்கப்படாது.”

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன். திறந்தால், மூடினால்!

பத்தொன்பது வருஷமாக எங்கோ கிடந்த ஒரு வாக்கியம் தலையைத் தூக்கியது. ‘திறக்கவும் மூடவும்.’ ஒரு புரூப்பில் அதைப் பார்த்துவிட்டு, “நாட்டை எவனாவது திறப்பானா மூடுவானா? அதென்ன கதவா?” என்று நான் முணுமுணுத்தது காதில் கேட்டது. பிறகு என்ன செய்தேன்? பேனாவை எடுத்தேனா? ஆறுமுகநேரியில் உப்பளம் உப்பளமாக வெயிலில் மின்னியது என்று எழுத வேண்டிய இடம் இது. நான் எதையும் பார்க்கவில்லை.

காயல்பட்டினத்தில் பெரியவர் இறங்கியபோது நானும் பையோடு இறங்கிவிட்டேன். எதிரே தூத்துக்குடி போகும் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தால் நாற்காலி நிச்சயம். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. கண்டக்டர் கதவைத் தட்டினார். “என்ன அண்ணாச்சி, எறங்குதியளா ஏறுதியளா? ஒண்ணச் சொல்லுங்க!”

“ஏறுகிறேன் அப்பா” என்று பழைய பஸ்ஸிலேயே ஏறினேன்.

பகல் 11-20.

வீரபாண்டியன்பட்டினம். மாதா கோவிலுக்குப் பின்னால் மணலில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் மூக்கில் நீலச் சாயத்தால் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அறுபது வயது, நரைத்த மீசை. எழுத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. அச்சில் வார்த்தது போல் ஒவ்வொன்றும் ஒரே உயரம்.

“சூசையண்ணன்!”

திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். “அட, புரூப்புத் தம்பியா? தலையெல்லாம் வழுக்கையாப் போச்சே!”

“படகுக்கு எழுத்து எழுதுகிறீர்களா?”

“வேற எந்த அச்சாபீசுல என்னச் சேப்பான்? மொதப் படகுக்கு எளுதுறப்ப அச்செழுத்து கோக்குற பளக்கத்துல இடம் வலமா மாத்தி எளுதிட்டேன். கண்ணாடியில பாத்தாத்தான் தெரியும். ‘ஏலே சூசை, இந்தப் படகு பின்னாலதாம்லே போவும்’னு ஊரே சிரிச்சுது.” அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அண்ணே, அந்தக் கடிதத்தில் இருந்தது பாரதமா, பாரா?”

சிரிப்பை நிறுத்தினார். தூரிகையைத் துடைத்தார். “இதக் கேக்க இத்தன வருசமாச்சா தம்பி? வாங்க வீட்டுக்கு.”

ஓலை வேய்ந்த சின்ன வீடு. “ஏளா ரோசம்மா, யாரு வந்திருக்காகன்னு பாரு” என்றார். நான் யார் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் கருப்பட்டிக் காப்பியைத் தரையில் ணங்கென்று வைத்தார்.

“இவுகதானா அந்த மகராசன்? ஆறு மாசம் எங்க வீட்டுக்காரரு ஜெயில்ல கெடந்தாக. நான் ஆறுமுகநேரியில உப்புச் சொமந்தேன். கால்ல புண்ணு இன்னும் ஆறல. இவுக சௌக்கியமா வந்து காப்பி குடிக்காக!”

“சும்மா இரி” என்றார் சூசை. பெட்டியைத் திறந்து லேஞ்சியில் முடிந்திருந்த பொட்டலத்தை எடுத்து, அந்தக் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு தாள். ஒன்று, பென்சிலால் எழுதிய கடிதம். அடியில் பதினொரு சிலுவைக்குறி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். முத்துக் குளிக்கிறவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, எழுதத் தெரியாதவர்கள் சிலுவை போட்டது. மற்றொன்று, பழுத்துப்போன புரூப்.

அதில் ‘பார் எங்களுடையது’ என்று சுத்தமாகக் கோத்திருந்தது. ‘பார்’ மேல் சிவப்பு மை. ‘ர்’ தலையில் இருந்த புள்ளியை அடித்து, பக்கத்தில் ‘தம்’ சேர்த்திருந்தது. அடுத்த வாக்கியம் முழுவதன் மேலும் ஒரு கோடு; அதற்குக் கீழே ‘திறக்கவும் மூடவும்’ என்பதன் குறுக்கே இன்னொரு கோடு. ஓரத்தில் ‘ஆளவும் ஆட்டவும்’. என் கையெழுத்து! கல்யாணத்துக்குப் போகும் அவசரத்திலும் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன், பாவி! மேடையில் கர்ஜித்தது என் சொந்தப் பிழையைத்தான்.

“நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கத்திவிட்டேன். வெட்கத்தில் வந்த கோபம்.

“சொல்லலயா? மிஷினு ஓடுது. நான் புரூப்பத் தூக்கிட்டு வந்து ‘பார், தம்பி, பார்’னு ரெண்டு வாட்டி சொன்னேன். நீங்க தலையத் தூக்காம ‘பார்த்தாச்சு, பார்த்தாச்சு, போடு’ன்னீய.”

ரோசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“போலீஸ் வந்தபோது இந்தப் புரூப்பைக் காட்டியிருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்களே! எனக்காகவா ஜெயிலுக்குப் போனீர்கள்?”

“ஒங்களுக்காகவா? நல்லாருக்கே கதை! புரூப்பக் காட்டினா ‘மூலக் கடுதாசி எங்க’ன்னு கேப்பான். கடுதாசியில பதினோரு பேரு இருக்கு, அத்தன பேரையும் அள்ளிட்டுப் போவான். மொதச் சிலுவை எங்க மச்சான், எந் தங்கச்சி புருசன். அச்சாபீசுக்கு வர்றதுக்கு முந்தி மச்சான் கடல்ல முங்குவாரு, படகுல கயிறு என் கையில இருக்கும். கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணும்னு வளக்கம். ஏன்னா, தங்கச்சி தாலிய நெனச்சாவது கயித்த விடமாட்டான். அம்புட்டுத்தான். ஆசிரியரு ‘நீ மாத்தினேன்னு சொல்லிரு’ன்னாரு, சரின்னேன்.”

சூசையின் காலைத் தொடக் குனிந்தேன். ரோசம்மா தடுத்தார். “மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? பேப்பர்ல போடுங்க. இப்பவும் பாரத் தொறக்கப் போறாக. எங்க ஆளுகள ஒரு வார்த்த கேட்டாகளா?”

“சிலுவை போட்டவுக பேரு வேண்டாம்” என்றார் சூசை. “பாரு போதும். எளுதினபடி வரட்டும்.”

தாள்களை அவர் தரவில்லை. எனக்கு அவற்றைக் கேட்க யோக்கியதையும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்தேன். முடித்ததும் சூசை வாங்கி, ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“தம்பி, இங்கன புள்ளிய விட்டுட்டீய.”

பார்த்தேன். ‘பார’ என்று எழுதியிருந்தேன். அவர் பார்த்திருக்கப் புள்ளி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி.

அண்ணாச்சி பொறுமையாகத்தான் கேட்டார். கெட்டவர் இல்லை. முடிவில் பிளாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“வாத்தியாரய்யா, பாரதம்னு போட்டா ஊரே கும்பிடும். பாருன்னு போட்டா நாலு கடக்கரைக்காரன் படிப்பான். அதுவும் இப்ப நம்ம சர்க்காரு. நம்ம சர்க்காரையே எதுத்துக் கேக்கச் சொல்லுதியளா?”

“கடிதம் அதைத்தான் கேட்கிறது அண்ணாச்சி. எந்தச் சர்க்கார் என்று அதில் எழுதவில்லை.”

“அப்ப நாற்காலி?”

நாற்காலியைப் பார்த்தேன். ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். “வேறு ஆளை உட்கார வையுங்கள்” என்று பதினெட்டுப் பக்கத்தையும் அவர் எதிரிலேயே இரண்டாகக் கிழித்தேன்.

“ஒங்க பிழைய நீங்களே தமுக்கு அடிக்கப் போறியளாக்கும்?” என்றார்.

“ஆமாம். நான் திருத்தினதை நானே திருத்த வேண்டும்.”

பிற்பகல் 4-05.

மணியாச்சிக்குப் போகும் வண்டியில் இதை எழுத ஆரம்பித்தேன். தூத்துக்குடியில் எடுத்துக்கொள்ளவில்லை; வேறு பத்திரிகை போடும் என்று நம்பி அனுப்புகிறேன். போடாவிட்டால் அடுத்ததற்கு, அதற்கும் அடுத்ததற்கு அனுப்புவேன். எனக்குக் கை வலிக்காது.

எங்கள் ஊரில் கடல் இல்லை, ஏரி உண்டு. அதற்கு மடை உண்டு. பாசனக்காரர்களைக் கேளாமல் ஒருவன் மடையைத் திறந்தாலோ மூடினாலோ அன்றைக்கு மண்வெட்டி பேசும். அந்த ஊரில் பிறந்து அந்தத் தண்ணீரைக் குடித்த எனக்கு, ‘திறக்கவும் மூடவும்’ என்ற இரண்டு வார்த்தை புரியவில்லை. படித்த திமிர், வேறென்ன?

கடிதம் இதுதான்:

“பார் எங்களுடையது. தலைமுறை தலைமுறையாய் மூச்சடக்கி இறங்கினவர்கள் நாங்கள். எங்களைக் கேளாமல் அதைத் திறக்கவும் மூடவும் எவருக்கும் உரிமையில்லை.”

இதைக் கோக்கும் கம்பாசிட்டர் ஐயாவுக்கும் புரூப் பார்க்கும் தம்பிக்கும் ஒரு விண்ணப்பம். ‘ர்’ தலையில் புள்ளி உண்டு. அது பிழையில்லை. தயவுசெய்து திருத்த வேண்டாம்.